கிழக்குச் சரிவில் கண்ட விரிசல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறோம், இதை முதலில் மனசில் வாங்கிக்கொண்டு மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது, நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பயந்திருப்பாய். லாரிக்கார நெட்டையன் மலையைச் சுற்றிப் போய் இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாதென்று அப்பா என் வாயைக் கட்டியிருந்தார். மர ஆலைக்கு மேலே இருக்கிற கிழக்குச் சரிவு, எண்பது வருஷத்துக்கு முன்னால் தண்டவாளக் கட்டைக்காக மொட்டையடித்த மலை. பிறகு முளைத்த மரங்களின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற சரிவுகளில் மரம் தீர்ந்துபோக, ஆலை இதற்கும் வந்துவிட்டது. வெட்டும் மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பது அப்பா வேலையல்லவா, இரண்டு மாதம் முன்னால் டப்பாவை மேலாளர் மேஜையில் வைத்து, "இந்தச் சரிவுல ஒரு மரத்துக்கும் அடிக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இருநூறு குடும்பம் அந்த ஆலையை நம்பித்தானே இருக்கிறது, ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் லாரி எடை போடுகிற இடத்துக்கே வந்து நெட்டையன், "உங்க வீட்டுக்காரர் எங்க வயித்துல அடிக்கிறாரு" என்றார். வேறு ஆள் பெயின்ட் அடித்தார், பாதிச் சரிவு மொட்டையாயிற்று.

அப்புறம் பத்து நாள் விடாத மழை, ஆலையும் மூடிக் கிடந்தது. புதன்கிழமை காலையில் மேலே பார்க்கப் போன அப்பா, ஒரு கை நுழைகிற அகலத்துக்கு மண் பிளந்திருப்பதைக் கண்டு, வலிக்கிற முழங்காலோடு ஓடிவந்து கீழ்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். "சாமானெல்லாம் கெடக்கட்டும், ஆள் வெளிய வாங்க!" எங்களோடு பேசாதவர்களும் கதவைத் திறந்தார்கள். நெட்டையன் அப்பாவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் லாரியை எடுத்தார். மூன்று நடையில் எல்லோரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மத்தியானம் மலை இறங்கியது. ஆலை முற்றமும் முப்பத்திரண்டு வீடும் மண்ணுக்குள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. நம் வீட்டுச் சுவர் வெடித்துவிட்டது, நாங்களும் பள்ளிக்கூடத்தில்தான்.

என் கவலை இப்போது அப்பாதான். சோறு இறங்குவதில்லை. மிச்சச் சரிவைப் பார்க்கத் தினமும் ஏறிவிடுகிறார், அவர் திரும்புகிறவரை நான் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கிறேன். கேட்டால் ஒன்றையே சொல்கிறார், "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்." நான் எந்த முகத்தோடு அவரைத் தேற்றுவது மகளே? ஊரோடு சேர்ந்து நானும், பேசாம பெயின்ட் அடிச்சுட்டு வாங்களேன் என்று அவரிடம் சண்டை போட்டவள். உன் பேச்சைத்தான் அவர் கேட்பார். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, சத்தமாகத்தான் சொன்னீர்கள், அம்மாவுக்குத்தான் காது கேட்கவில்லை என்று எழுது.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும். பாதை சரியாகும்வரை கிளம்பி வந்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா