சமையலறைச் சன்னலின் உயரம்

கோபமாக இருந்தாலும் என் அன்புக்குரிய மனைவிக்கு,

நலம், இடுப்பு வலியைத் தவிர. அக்கா வீட்டில் நீயும் நலம் என்று நம்புகிறேன். போனை எடுக்கமாட்டாய் என்பதால் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

கல்யாணமான புதிதில் நாம் நான்கு வருடம் குடியிருந்த ஏரிக்கரை வீட்டுக்கே வந்திருக்கிறேன். முப்பது வருடமாக நினைவிலிருந்தே வரைந்த ஏரியை, அடுத்த கண்காட்சிக்காவது நேரில் பார்த்து வரையலாம் என்றுதான். நான் வந்ததும் வராததுமாக வீட்டுக்காரம்மா, "எங்க அவங்க? ஓயாம பேசிட்டே இருப்பாங்களே!" என்றார். அடுத்த வாரம் வருவாய் என்று வாய் கூசாமல் புளுகிவிட்டேன்.

இருபது நாளாகிறது. முன்பு உட்கார்ந்து வரைந்த அதே முன்னறையில்தான் நாற்காலியைப் போட்டேன். எதிரே என்ன தெரிகிறது தெரியுமா? கிடங்கின் சுவர். அப்போதும் இருந்த அதே சுவர். அட மடையா, எதைப் பார்த்துடா வரைந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் சமையலறைக்குப் போனேன். அந்தச் சன்னல் உன் உயரத்துக்கு இருக்கிறது. நான் நிமிர்ந்து நின்றால் மேல்கட்டைதான் தெரிகிறது. குனிந்து பார்த்தேன். என் படங்களில் உள்ள ஏரி, இடப்பக்கம் சாய்ந்த பாறை, எல்லாம் அப்படியே. "தண்ணி ஈயம் பூசின மாதிரி கிடக்கு, வந்து பாருங்களேன்!" என்று அங்கிருந்து கத்துவாய். நான் எழுந்து வந்ததே இல்லை. "சரி, சரி" என்றபடி நீ சொன்னதையே வரைந்துகொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவன்தான் போன வருடம் பேட்டியில், யார் துணையும் இல்லாமல் இந்த ஏரியைக் கண்டடைந்தேன் என்று பீற்றிக்கொண்டேன். அன்று மாலையே நீ பெட்டியைக் கட்டினாய். ஒரு பேட்டிக்கா இவ்வளவு ரோஷம் என்று நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை சுவரைத்தான் வரைந்திருக்கிறேன். நானாகப் பார்த்தது அது ஒன்றுதானே. நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். பழைய ஏரிப் படங்களில் உன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கண்காட்சிக்காரருக்கு எழுதிவிட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரியும்.

இந்த வீட்டில் நாள் முழுக்க யாரும் எதையும் வந்து பார்க்கச் சொல்வதில்லை. தாங்க முடியவில்லை.

எந்த முகத்தோடு உன்னை வா என்று கேட்பேன்? நீ நன்றாக இரு. அக்கா வீட்டுச் சன்னலில் என்ன தெரிகிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. சத்தியமாக வரையமாட்டேன்.

இப்படிக்கு,
கூப்பிட்டபோது எழுந்து வராத உன் கணவன்