கலெக்டரின் வயிறு

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனி கேட்டில் டூட்டி முடிந்து வந்தால், கலெக்டர் மூன்றாவது நாளாகக் கழிந்து வைத்திருக்கிறான். கலெக்டர் என் நாய். இருங்காட்டுக்கோட்டையில் இவன் குரைத்தால் ஹைவேயில் கண்டெய்னர் லாரி ஹார்னை நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவன் சுவரோடு ஒண்டிக் கிடக்கிறான். கேண்டீனில் மிஞ்சியதை வாளியில் போட்டுத் தருவார்கள், ரெண்டு வருஷமாக அதுதான் அவனுக்கு. எனக்கும் அதே சாப்பாடுதான். நான் கல்லு மாதிரி இல்லையா?

ஜூன் 5, வியாழன்

அரசு கால்நடை ஆஸ்பத்திரி. தங்கச்சி மகள் ரஞ்சனி ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தாள். நாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்கள். பின்னால் ஒருவர் லாப்ரடாரோடு நிற்கிறார். அவர் எதிரில் வாளியைச் சொல்ல முடியுமா? “டெய்லி மட்டன்தான் மேடம், எலும்பு எடுத்துட்டு” என்றேன். ரஞ்சனி கூரையைப் பார்த்தாள்.

கறி ஒத்துக்கொள்ளவில்லையாம். அதை அடியோடு நிறுத்திவிட்டு, வயிறு கெட்ட நாய்க்கென்றே வருகிற பாக்கெட் தீனியைப் போடச் சொன்னார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் கடையில் விலையைச் சொன்னார்கள். நாயும் சேர்த்தா என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. சின்ன பாக்கெட்டே என் ரெண்டு நாள் சம்பளம்.

ஜூன் 6, வெள்ளி

கலெக்டர் இப்போது வெளிநாட்டுத் தீனி என்று கேட்டில் சொன்னேன். கூட டூட்டி பார்க்கும் சுபாஷ் வாயைப் பிளந்தான். ஃப்ளைட்டில் வருகிறது என்பது நான் சேர்த்தது.

ஜூன் 9, திங்கள்

பாக்கெட் காலி. தின்ற நாளெல்லாம் நன்றாக இருந்தான். இன்னொன்று வாங்க எங்கே போவேன்? கறிதானே கூடாது? இன்று கேண்டீனில் சின்ன வெங்காய சாம்பார், ஒரு துண்டு கறி கிடையாது. நிறையப் போட்டேன்.

ஜூன் 10, காலை

ரத்தம். கழிச்சலில் ரத்தம்.

எழுந்து நிற்க மாட்டேங்கிறான். நான் இன்னா பண்ணேன்? கறியே போடலியே — டாக்டரம்மா சொன்னதைத்தானே செஞ்சேன்?

ரஞ்சனியிடம் அதையேதான் சொன்னேன். அவள் சத்தம்கூடப் போடவில்லை.

“மாமா, டாக்டரம்மா மருந்து எழுதினது உன் வாய்ல கீற நாய்க்கு. வூட்ல கீற நாய் வேற.”

ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

அதே நாள், சாயங்காலம்

ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். இன்றைக்கும் பின்னால் ஆட்கள் நின்றார்கள். “மட்டன்னு சொன்னது பொய் மேடம். ஒரு நாள்கூடப் போட்டதில்ல. கேண்டீன் மீதிதான் போடுறேன்.” அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நேற்று என்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள், வெங்காய சாம்பார் என்றேன். வெங்காயம் நாய்க்கு விஷமாம். பூண்டும்தான். வெங்காயமா? ரெண்டு வருஷம், என் கையால், அன்பா ஊற்றியிருக்கேன்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாக்கெட்டெல்லாம் வேண்டாமாம். குழைந்த சோறு, வெந்த பரங்கிக்காய், அவித்த முட்டையில் பாதி. உப்புகூடக் கூடாது. இவ்வளவுதானா? நம்ம தெருக்கடையிலேயே கிடைக்குமே. “அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே இதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றார்கள்.

ஜூன் 12, வியாழன்

மோந்து பார்த்தான். தின்னவில்லை.

ஜூன் 14, சனி

டாக்டரம்மா போன். எவ்வளவு சாப்பிட்டான் என்றார்கள். ஒரு கிண்ணம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

“நாலு வாய் மேடம். அஞ்சாவதைத் துப்பிட்டான்.”

அப்படியானால் நாளைக்கும் நாலு வாய்தான், அதற்கு மேல் வைக்கக் கூடாது என்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

கெட்டியாகப் போனான். கொஞ்சம்தான்.

இன்று ஆறு வாய். நான் எண்ணியதும் ஆறு, ரஞ்சனி எண்ணியதும் ஆறு.