தட்டில் கலங்கிய வட்டங்கள்

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவது:

1. இன்று காலை வந்த வாடை.
2. பாக்டீரியாவுக்குள் வைரஸ் புகுந்தால் நடப்பது.
3. உன் வைரஸ் பதுங்கும் வகை, அதனால்தான் மறுத்தேன்.

ஓய்வுக்குப் பிறகும் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு ஒரு மூலையை விட்டுவைத்திருக்கிறார்கள். இன்று அங்கே கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும், அழுகிய திராட்சைபோல் இனித்த வாடை. ஆஸ்பத்திரியில் உன் காலிலிருந்து வந்ததும் இதேதான்.

சர்க்கரைப் புண். எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. "சாக்கடையில இதுக்கு ஒரு எமன் இருப்பான். தேடு மாப்ள" என்றாய். விளாங்குடிப் பக்கம் சாக்கடைத் தண்ணீர் மொண்டுவந்து, வடிகட்டி, உன் புண்ணின் கிருமி பரப்பிய தட்டில் சொட்டினேன். கிருமியின் வெண்படலத்தில் வட்டங்கள் விழுந்தன, தண்ணீரிலிருந்த ஒரு வைரஸ் கிருமியைக் கொன்ற இடங்கள். அந்த வைரஸைப் புண்ணில் விட அனுமதி கேட்க உன் டாக்டர் தயார். என் அறிக்கைதான் பாக்கி.

வகுப்பில் நாம் இருவரும் எத்தனையோ முறை பாடமாகச் சொன்னதுதான். வைரஸ் கிருமியின்மேல் ஒட்டி, தன் மரபிழையை உள்ளே செலுத்துகிறது. வெறுங்கூடு வெளியே நிற்கிறது. சில நிமிடங்களில் கிருமியின் சொந்தக் கட்டளைகள் துண்டாகிவிடுகின்றன. ஆனாலும் அது சாகவில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது, முழுக்க இன்னொருவருக்காக. பிறகு வெடிக்கிறது.

வெடிக்காத வகைதான் என்னைப் பயமுறுத்தியது. அது கிருமியின் மரபிழையிலேயே தன்னைத் தைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். கிருமி பெருகினால் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் அதுவும் இருக்கும். தன் இனத்து வைரஸ் வேறு வந்தால் கிருமிக்குக் காவல்கூடக் காக்கும். காலராக் கிருமியின் விஷமே அப்படிக் குடியேறிய ஒன்று கொண்டுவந்ததுதான். உன் தட்டின் வட்டங்கள் கலங்கியிருந்தன. உள்ளே சில கிருமிகள் சாகாமல் வளர்கின்றன என்று பொருள்; பதுங்கும் வகைக்கு அது அடையாளம். 'தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

நீ படுத்தபடியே சிரித்தாய். "எழுமலையில காதுகுத்துக்குப் போயிட்டு மூணாம் நாள் வந்து பாத்த தட்டுதான? அம்புட்டு நாள் விட்டா மிச்சம் மீதி முளைச்சு எதுவும் கலங்கத்தான் செய்யும். திரும்பப் போடுய்யா."

"எதுக்குப்பா வம்பு."

"வம்பு எனக்குத்தான மாப்ள. நீ ஏன் நடுங்குற?"

நான் திரும்பப் போடவில்லை. தெளிவாக வந்துவிட்டால் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமே. உன் காலை வெட்டி எடுத்தார்கள். பத்தாம் நாள் நீயும் போய்விட்டாய்.

குளிர்பெட்டியில் அந்த வைரஸ் குழாய் இருந்தது. எடுத்து வீச மனம் வரவில்லை. நேற்றுக் காலை அதே கிருமியைப் புதுத் தட்டுகளில் பரப்பிச் சொட்டினேன். இன்று நேரம் தவறாமல் பார்த்தேன். மூன்று தட்டிலும் வட்டங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கின்றன. கீழே விரித்த செய்தித்தாளின் எழுத்து அவற்றின் வழியே தெரிகிறது.

ஆக, மேலே நான் எழுதிய மூன்றாவது வரி தவறு. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, இன்று எல்லாம் தெரிந்து எழுத உட்கார்ந்தபோதும் கை தானாக அதையே எழுதியிருக்கிறது. பாதிதான் தவறு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியும் இல்லை. உன் வைரஸ் பதுங்கும் வகையல்ல. நான் மறுத்ததும் அதனால் அல்ல.