நான் போய்ப் பார்த்திருக்க வேண்டிய கட்டடம்

அனுப்புநர்:
வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
பெண்கள் விடுதி, அறை எண் 14.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: அடுக்குமாடிக் கட்டடத்தில் தையல்காரர் இறந்த வழக்கு – என் வகுப்புத் தோழர் மட்டும் கைதானது – என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம் கிடைக்கும். நானும், வட்டிக் கணக்கை மனதிலேயே போடுவதால் வகுப்பே 'கால்குலேட்டர்' என்று கூப்பிடும் தோழரும், கட்டட நிதித் துறையில் பயிற்சி தேடினோம். மூன்று மாதங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தோம். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. பதில் வந்த ஓரிடத்தில், "முன் அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். அனுபவம் கிடைப்பதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றோம். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

2. கடைசியில் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தின் கிளை மேலாளர் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார். அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைத் தங்களுக்கு எழுதவே இப்போது கூசுகிறது. கட்டடங்களுக்கு நேரில் சென்று, வேலை எந்த அளவு முடிந்திருக்கிறது என்று பார்த்து, தள ஆய்வு அறிக்கையில் கையெழுத்திடுவதே எங்கள் வேலை. அந்த அறிக்கையை வைத்துத்தான் நிறுவனம் கடனின் கடைசித் தவணையை விடுவிக்கும். வாங்கியவர்களுக்குச் சாவியும் அதன் பிறகே கிடைக்கும்.

3. முதல் வாரம் வெயிலில் அலைந்து எல்லாக் கட்டடங்களையும் பார்த்தோம். இரண்டாம் வாரத்திலிருந்து மேலாளர், கட்டுமானக்காரர் அனுப்பும் படங்களே போதும் என்றார். தோழர் தயங்கினார். "படிக்க வந்த எடத்துல போலீஸ் வேல பாக்காதப்பா" என்றார் மேலாளர். சர்டிபிகேட் அவர் கையில் இருந்தது. படங்களைப் பார்த்தே கையெழுத்திட்டோம்.

4. தையல்காரர் வீடு வாங்கிய கட்டடத்தின் ஆய்வு சென்ற மாதம் 6ஆம் தேதி எனக்கு ஒதுக்கப்பட்டது, தோழருக்கு அல்ல. அன்று எனக்கு வேறொரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல் இருந்தது. விடுப்புக் கேட்டு மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். "நேர்ல போகணும்னு அவசியம் இல்ல. போட்டோ வந்துடுச்சு. ஃபார்ம்ல யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா சரி" என்று பதில் வந்தது. தோழர், "நீ போயிட்டு வா, நான் போட்டுடறேன்" என்றார். எனக்காகப் போட்டார். நேர்காணலில் மூன்று மணி நேரம் காக்க வைத்து, நான்கு நிமிடம் பேசி, அடுத்த வருடம் வரச் சொன்னார்கள்.

5. அறிக்கையில் 'லிஃப்ட் பொருத்தப்பட்டு இயங்குகிறது' என்ற கட்டத்தில் டிக் போடப்பட்டிருந்தது. உண்மையில் கதவுகள் மட்டுமே பொருத்தப்பட்டிருந்தன; உள்ளே லிஃப்ட் பெட்டி இல்லை, வெறும் குழிதான். குடிபுகுந்த அன்று தையல்காரர் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி மூன்றாம் மாடியில் பின்னோக்கி நடந்தார். முதுகால் தள்ளியதும் லிஃப்ட் கதவு திறந்துகொண்டது. மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி.

6. மறுநாளே தோழரைக் கைது செய்தார்கள். "அவர் எங்க ஊழியரே இல்ல, பழக வந்த மாணவர்" என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. மேலாளர் வேறு கிளைக்கு மாறிவிட்டார். இஸ்திரிக் கடையில் வேலை செய்யும் தோழரின் அம்மா, தேய்த்த சட்டையோடு தினமும் சிறை வாசலில் நிற்கிறார். நான் பார்க்கச் சென்றபோது தோழர் கம்பிக்கு அப்பாலிருந்து, "நீ வாயத் தொறக்காத. ஒருத்தர் மாட்டினது போதும்" என்றார். பதினோரு நாட்கள் அவர் சொன்னபடியே இருந்தேன். அவருக்காக அல்ல, எனக்காகத்தான் இருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

7. நேற்று முன்தினம் தையல்காரரின் மனைவியைப் பார்க்கச் சென்றேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கல்லூரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அந்தத் தம்பி ஒரே ஒரு தடவ வந்து பாத்திருந்தா, அந்தக் கதவத் தொறந்து பாத்திருக்கும்ல?" முதல் வாரத்தில் நான் பார்த்த ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டில் ஏறி இறங்கித்தான் அறிக்கை எழுதினேன். வந்திருந்தால் திறந்திருப்பேன் ஐயா.

8. எனவே, என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யுமாறும், தோழர் மேல் சுமத்தப்பட்டுள்ள பழியில் என் பங்கை என் மேல் ஏற்றுமாறும், மேலாளரையும் கட்டுமானக்காரரையும் விசாரிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேலாளர் ஆய்வை எனக்கு ஒதுக்கிய செய்தியும், மேலே குறிப்பிட்ட அவருடைய பதிலும் நகலாக இணைக்கப்பட்டுள்ளன. தோழர் பார்க்காமல் கையெழுத்திட்டது தவறுதான். அதை மறைக்க நான் வரவில்லை. அந்தத் தவறில் அவர் தனியாக இல்லை என்பதைச் சொல்லவே வருகிறேன்.

9. நாளை காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஆஜராகிறேன். பேருந்து ஓட்டுநரான என் அப்பா உடன் வருவார். இதையெல்லாம் நேற்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பணிமனைக்குக் கொடுக்க ஒருநாள் விடுப்புக் கடிதம் எழுதினார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு எழுதினார்.

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: பெண்கள் விடுதி
நாள்: 19, திங்கட்கிழமை

இணைப்பு: கைபேசிச் செய்திகளின் நகல் – 2 பக்கங்கள்