கையைப் பிடிக்கச் சொன்ன மாத்திரை

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் இதயமும் இப்போது அந்த நலத்தில் சேர்த்தி என்பதால் தைரியமாக எழுதுகிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டி வாலும் சுகம்தானே.

அம்மாவின் படபடப்புக்கு டாக்டரம்மா மாத்திரை கொடுத்ததைப் போனில் சொன்னேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. இதயத்துக்குள்ளேயே மின்சாரம் ஓடுகிறதாம், அது தறிகெட்டு ஓடினால்தான் படபடப்பாம். மாத்திரை அந்த ஓட்டத்தை நிதானப்படுத்துமாம், உடம்பு எவ்வளவு விரட்டினாலும் இதயம் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளாதாம். காலமெல்லாம் வயரிங் வேலையில் மல்லுக்கட்டிய நான், இத்தனூண்டு மாத்திரையா இதைச் செய்கிறது என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மாவோ அதையும் தையல் வேலையாக எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் மறந்துவிட்டு, நேற்று விட்ட சட்டையை இன்று சேர்த்துத் தைப்பதுபோல மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொண்டாள். துடிப்பு ஒரேயடியாகக் குறைந்து, கண் இருட்டி, மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது கண்ணு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்டது, "பொண்ணு பிரசவத்துக்குப் போக விடுவாங்களா?" என்றுதான்.

விட்டதைச் சேர்த்துப் போடக் கூடாது, நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தவும் கூடாது, தினமும் மாத்திரைக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும், ரொம்பக் குறைந்திருந்தால் போடாமல் தன்னிடம் கேட்க வேண்டும், எல்லாம் ஒழுங்காக இருந்தால் விமானம் ஏறலாம் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து அம்மா ஒரு வேளை தவறவிடவில்லை. அசதி இருக்கிறது, மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறாள், ஆனாலும் ஒரு முனகல் இல்லை, பிள்ளைக்குத் துணி தைத்தபடி இருக்கிறாள். அவள் வைராக்கியத்தைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே, பிறகு கையில் பிடிக்க முடியாது. நேற்று டாக்டரம்மா சரி சொல்லிவிட்டார், மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல், நான் வீட்டுக்குக் காவல் இருக்கிறேன்.

நாடி பார்ப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் அவள் கையைத் தொட்டவனில்லை நான், இப்போது தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையால் அவள் கை சில்லென்று இருக்கிறது. எண்ணி முடித்தால் விடுங்கள், வேலை கிடக்கிறது என்று சிடுசிடுக்கிறாள், ஆனால் இழுத்துக்கொள்வதில்லை.

நீயும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உன் சத்து மாத்திரையை மறக்காதே. அம்மா அங்கே வந்ததும் காலையில் நாடி பார்ப்பது உன் பொறுப்பு. எண்ணி முடித்ததும் கையை உடனே விட்டுவிடாதே கண்ணு, நான் விடுவதில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா