கடல் சத்தம் போடுகிறது என்று ஒரு புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் வீடும் நலம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? நீ அனுப்பிய துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் நேற்று வந்து சேர்ந்தன. கடைசி நாலு கிலோமீட்டர் மணல் பாதையில் கூரியர்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாராம். வந்ததும் வராததுமாக, இந்த இடத்துல மனுசங்க ஏம்மா வீடு கட்டுறாங்க என்று கேட்டார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் மூட்டையை இறக்கினார்.

மூட்டைக்குள் உன் கடிதமும் இருந்தது. கூடவே, இங்கே தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் அச்சடித்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாய். ரிட்டையர் ஆகி மூன்று வருஷமாகியும் டீச்சர் புத்தி போகவில்லை உனக்கு. இன்னும் ஒரு குறை வந்தால் அடுத்த மாதத்தோடு முன்பதிவை நிறுத்தி, வீட்டைப் பூட்டி, என்னை உன் ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயாம். பதிவெல்லாம் உன் கம்ப்யூட்டரில் இருக்கிற தைரியம்! சரி, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தத் தேனிலவு ஜோடி. வீட்டுக்கார அம்மா சண்டைக்கு வருவதுபோலவே பேசுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் யார் மெதுவாகப் பேசினோம்? அப்பா மணி என்ன என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். காலையில் டீயா காபியா என்றுதான் கேட்டேன். அதற்கே அந்தப் பெண் புருஷன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நான் என்ன செய்ய?

அடுத்தது பல் டாக்டர். மேல்தொட்டி நிரம்பி வழிந்து, கொடியில் காய்ந்த துணியெல்லாம் திரும்ப நனைந்துவிட்டது. கடல் உண்டு என்றார்கள், அருவியும் உண்டு என்று சொல்லவில்லை என்று நக்கலாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன் என்று அவரிடம் சமாளித்தேன். உன்னிடம் அந்தக் கதை எடுபடாது. பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் சமையலறைக்குப் பின்னாலேயே ஒரு மணி நேரம் கொட்டியிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பேங்க் மேனேஜர். அலைச் சத்தத்தில் மூன்று நாளாகக் கண்ணே மூடவில்லை என்று இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டார். இதற்கு நீ கோடு போடாமல் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். இங்கே தங்கியிருந்தபோதே என்னிடமும் அதைத்தான் சொன்னார், எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. கடற்கரைக்கு வந்துவிட்டுக் கடல் சத்தம் போடுகிறது என்றால், அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கவா முடியும்? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மாடிக்குப் போனேன். மனுஷன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றார். வாங்கம்மா, எப்படி அடிக்குதுன்னு நீங்களே கேளுங்க என்று ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.

நின்று பார்த்தேன். ஆளுயரத்துக்கு அலை எழும்பிச் சுருண்டு விழுந்தது, நுரை படிக்கட்டு வரை வந்து போனது. சத்தத்தை மட்டும் காணோம். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பதுபோல இருந்தது. பதினோரு வருஷமாக இதே கரையில் இருக்கிறேன், அந்தச் சத்தம் எனக்கு என்றைக்கு நின்றுபோனது என்றுகூடத் தெரியவில்லை, அக்கா. இந்த சீசனுக்கு அப்படித்தான் சார், ரெண்டு நாள்ல அடங்கிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். படியில் உட்கார்ந்து அழுதேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டது, எழுந்து போய் உலை வைத்தேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சொன்னால் வீட்டைப் பூட்டிவிடுவாய் என்று பயம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக நானும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

இப்போது அந்த வக்கீலம்மா விஷயம். அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, அமைதியான வீடு, அன்பான மனுஷி என்று எழுதியிருக்கிறார். நீயும் பக்கத்தில் பெரிய டிக் போட்டு, எல்லாரிடமும் இப்படி நடந்துகொள் என்று எழுதியிருக்கிறாய். அந்த டிக்கைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடிப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் மாடிக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். மூச்சு இழுப்பு உள்ளவராம். மருந்து வெளியே மேஜைமேல் இருந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறார். நேர் கீழே நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர்காரர் வந்தார், மேலே அண்ணாந்து பார்த்தார், சிலிண்டரைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று திட்டிக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். அவர் கதவை உதைத்துத் திறந்தபோது அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது.

மருந்தை இழுத்து மூச்சு சீரான பிறகு அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டிருக்கிறார். நான் பாட்டுக்கு நடந்தேன். எழுந்து சுற்றி வந்து என் முன்னால் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளா இப்படி, வீட்ல யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாதுங்க என்றேன். அவரே டவுனுக்கு என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். சாகக் கிடந்தவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பார்த்துக்கொள்.

இடது காது போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது, மெஷின் வைத்தால் உதவும், ஆனால் அதுவும் குறைந்துகொண்டே வரும் என்றார் டாக்டர். இத்தனை நாளும் எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே ஒப்பேற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அக்கா. தாழ்ப்பாள் அத்தனையும் மாற்றிவிட்டேன். அறைகளிலும் குளியலறைகளிலும் ஸ்விட்சை அழுத்தினால் சமையலறையில் சிவப்பு பல்பு எரிகிற மாதிரி எலக்ட்ரீஷியன் செய்துகொடுத்திருக்கிறார். எனக்குக் காது சரியாகக் கேட்காது, முன்னால் வந்து பேசுங்கள் என்று கொட்டை எழுத்தில் வாசலில் எழுதி மாட்டிவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது, மாட்டிய பிறகு இல்லை. ஆனால் ஒரு குழந்தை தண்ணீரில் நின்று கூப்பிட்டால் பல்பு எரியாது. அதனால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இப்போதைக்கு வீடு இல்லை என்று பதிவில் நீயே போட்டுவிடு.

வீட்டை மட்டும் பூட்டிவிடாதே. என் புருஷன் என்னை விட்டுப் போன வருஷம், ஜன்னலுக்குக் கதவுகூட இல்லாத இந்த வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு அறையாக நான் எழுப்பியது. உன் ஒன்பதாவது மாடியில் எனக்கு என்ன வேலை? மாப்பிள்ளையோடு உன் மகளும் வெளிநாடு போய்விட்டாள், நீயும் டிவியைப் பார்த்துக்கொண்டு ஒண்டியாகத்தான் இருக்கிறாய். நான் அங்கே வருவதற்குப் பதில் நீ இங்கே வந்தால் என்ன? இரண்டு மாதம் இருந்து பார். விருந்தாளிகள் கூப்பிட்டால் நீ கேட்டுச் சொல், நான் ஓடுகிறேன். உன் முழங்காலுக்கு என் கால், என் காதுக்கு உன் காது. அதற்கப்புறமும் பூட்டத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால், சாவியை நானே உன் கையில் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. போன் அடித்தால் ஏன் எடுப்பதில்லை என்று கடிதத்தின் அடியில் கேட்டிருந்தாய். போன் வெளிச்சம் போடும்போதெல்லாம் உன் பெயரைப் பார்க்கிறேன். கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன், அணைகிற வரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்துக் காதில் வைத்து, உன் குரலும் போய்விட்டது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வேன்?

பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் இன்னும் கேட்கிறது. கிளம்பி வா, அக்கா. இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் போனில் சொல்லித் தீர்த்துவிடாதே, சேர்த்து வைத்துக்கொண்டு வா. என் வலது பக்கமாக உட்கார்ந்து, வாய் வலிக்கும் வரை திட்டு.

இப்படிக்கு,
வழி பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை