கோல் விழுந்தால் காட்டும் முகங்கள்

அன்பு மகள் யெசேனியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் குவாதலூப்பே மாதா காப்பாற்றட்டும் என்று வேண்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன். நாங்களும் இங்கே நலம் என்றுதான் முதலில் எழுதினேன், எழுதியதைப் பார்க்க எனக்கே பொறுக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் ஓடிவந்து எடுப்பது உன் அப்பா, நான் எடுத்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், சமையலறைக்குப் போய்ப் பேசினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் உன் ஞானத்தாய் சாயோவின் மகள் பெர்லா சிகாகோவுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அவள் கையில் இதைக் கொடுக்கிறேன். கூடவே ஒரு பென்டிரைவும் இருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அதைப் போட்டுப் பார், அவசரப்படாதே.

அப்பா சுவரை அடைக்கிற மாதிரி பெரிய டிவி வாங்கியிருப்பது உனக்குத் தெரியும், அவரே போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டினார், நீயும் அவருக்குப் பொழுது போகட்டும் என்று சிரித்தாய். அது வீட்டுக்கு வந்த கதையை உனக்கு யாரும் சொல்லவில்லை. மிக்சி கெட்டுப்போய்ப் புதிது வாங்க டவுனுக்குப் போயிருந்தோம். நான் ஜாரைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் டிவிகளை வரிசையாக மாட்டிவைத்திருக்கிற சுவர் பக்கம் போனார். ஏதோ மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் நடு வழியில் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். நெஞ்சு வலியோ என்று ஓடினேன். "எர்லிந்தா, நம்ம பய. இப்பத்தான் காட்டினாங்க. மேளம் அடிக்கிறவன் பக்கத்துல நின்னு காலரைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்றார். உன் தம்பி ஃபெர்மீனின் சட்டையில் ஒன்றுக்காவது காலர் முழுசாக இருந்ததா சொல், பரீட்சை என்றாலும் கடிப்பான், மேட்ச் என்றாலும் கடிப்பான், எலி கடித்த மாதிரி இருக்கிறது என்று நீதானே தைத்துத் தைத்துத் திட்டுவாய். தக்காளி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று காலைச் சாப்பாடுகூட முடிக்காமல் பஸ் ஏறிப் போன பிள்ளை, இரண்டு வருஷமாக இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு நாதி இல்லை, அவன் மைதானத்தில் நின்று மேட்ச் பார்க்கிறான் என்கிறார் இவர். நான் பார்க்கிறதற்குள் படம் பந்துக்குப் போய்விட்டது.

கடை சாத்துகிற வரை அங்கேயே நின்றோம். கடைசியில் அந்த டிவியே வேண்டும் என்று பிடிவாதம். விற்கிற பெண் நல்ல பிள்ளை, "ஐயா, பிரிக்காத பெட்டி உள்ள இருக்கு, இது காட்சிக்கு வச்சது, ஓரத்துல கீறல் வேற" என்றாள். "பெட்டியில இருக்கிறது எனக்கு எதுக்கும்மா? அவனைக் காட்டினது இது. இதையே இறக்கிக் குடு" என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஊரே பார்க்கிறது என்றேன், அவர் காதில் விழவில்லை. ஏதோ பிள்ளை அந்த ஒரு பெட்டிக்குள்தான் குடியிருக்கிறான் என்கிற மாதிரி அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே வெல்டிங் மெஷினை விற்று அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஆமாம், உன்னைப் படிக்கவைத்த அதே மெஷின்தான், போனில் உன்னிடம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னது பொய். கேட் செய்ய, ஜன்னல் கம்பி வைக்க என்று இன்னும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள், உடம்பு சரியில்லை என்று நான் வாசலிலேயே பேசி அனுப்புகிறேன்.

பழைய டிவியில் கூட்டம் என்றால் எறும்புப் புற்று மாதிரி இருக்கும். இதில் அப்படி இல்லையம்மா, ஒவ்வொரு முகமாகத் தெரிகிறது, வியர்வை தெரிகிறது, யார் வாயில் என்ன மெல்கிறார்கள் என்றுகூடத் தெரிகிறது. அதுதான் எனக்கு வினையாகப் போனது. மாதா படத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டியாகிவிட்டது, பிரிட்ஜ் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமுகிறது, குளியலறைக்குப் போக வேண்டும் என்றாலும் திரைக்கு முன்னால்தான் போக வேண்டும், மேட்ச் நடக்கும்போது குறுக்கே போனால் கோழிக்குக்கூடத் திட்டு. முதலில் தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், நாற்காலியும் பீரும் கொண்டுவந்தார்கள், நான் பன்றித்தோல் வறுவலும் மிளகாய்ச் சாந்தும் வைத்தேன், பல நாளைக்கப்புறம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். பந்து போகிற பக்கம் எல்லோரும் பார்க்க இவர் மட்டும் "பந்தை விடுடா பாவி, ஆளுங்களைக் காட்டு!" என்று கத்துவார். கோல் விழுந்தால் கேமரா கூட்டத்தைக் காட்டும் இல்லையா, அதனால் எந்தப் பக்கம் விழுந்தாலும் எழுந்து கும்பிடுவார். முடிவெட்டுகிற நாபோர் ஒருநாள் அப்பாவைப் பார்த்து "என்ன எவோதியோ, நம்ம வீட்டு வறுவலைத் தின்னுட்டு எதிரி கோலுக்குக் கும்பிடு போடுறே, எவ்வளவு வாங்கினே?" என்று கிண்டல் பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பையன் முகம் பெரிதாக வந்தது, அப்பா பாய்ந்து போய் "மச்சம்! கன்னத்துல மச்சம் பாரு!" என்று விரலை வைத்தார். மச்சம் பறந்து போனது. ஈ. ஒருத்தரும் சிரிக்கவில்லை, நாபோர் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு போனவன் மறுபடி வரவே இல்லை, மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது அவரும் டிவியும்தான்.

நான் சனிக்கிழமை தோறும், காணாமல் போன பிள்ளைகளைத் தேடப் போகிற அம்மாக்களோடு போவது உனக்குத் தெரியும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, சூசனா அம்மா, இரட்டையர் அம்மா, நான் ஃபெர்மீன் அம்மா. வெயிலில் சோளக்கொல்லைகளுக்கு அப்பால் போய் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்குவோம், வெளியே இழுத்துப் பிண வாடை வருகிறதா என்று நுனியை மோந்து பார்ப்போம், மண்வாசனை மட்டும் வந்தால் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நாலடி தள்ளி இறக்குவோம். என் கம்பிக்கு நுனி கூர்மையாக்கிக் கைப்பிடி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தவர் உன் அப்பாதான், டிவி வருவதற்கு முன்னால். இப்போது அந்தக் கம்பியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது ஒருநாள், "நீ கீழ தேடுறே, நான் மேல தேடுறேன். ரெண்டு பேர்ல யாரு கண்டுபிடிக்கணும்னு நீயே வேண்டிக்க" என்றார். அன்றைக்கு வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன் மகளே. எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இறந்தவர்கள் திருநாளுக்கு உன் ஒஃபேலியா சித்தி உதவிக்கு வந்தாள். அவள் நல்ல மனசுக்காரிதான், ஆனால் யோசிக்காமல் செய்துவிட்டு அப்புறம் முழிக்கிறவள். நான் அடுப்படியில் சோளமாவுத் தமால் வேகவைத்துக்கொண்டிருந்தேன், அவள் படையல் மேடைக்குச் செண்டுப்பூ வைத்து, மெழுகுவத்தி வைத்து, உன் தாத்தா பாட்டி படங்களுக்கு நடுவே ஃபெர்மீன் படத்தையும் வைத்துவிட்டாள், அவனுக்குப் பிடிக்கும் என்று ஒரு டம்ளர் செம்பருத்தித் தண்ணீரும் ஊற்றி வைத்தாள். செத்தவர்கள் வந்து குடிக்கிற தண்ணீர். அப்பா பார்த்துவிட்டார். கத்தினால்கூடத் தேவலை. அந்தத் தண்ணீரை எடுத்து மடமடவென்று தானே குடித்தார், படத்தைத் தூக்கிச் சட்டையில் துடைத்து டிவியின் ஓரத்தில், அந்தக் கீறல் இருக்கிற இடத்தில் செருகிவைத்தார். "அக்கா, நான் வேணும்னு செய்யலக்கா" என்று சித்தி அழுதாள். அன்றைக்கிலிருந்து திரையில் வருகிற முகம் ஒவ்வொன்றையும் அந்தப் படத்தோடு ஒத்துப் பார்க்கிறார்.

இனி எழுதப் போவதைத்தான் போனில் பேச முடியாமல் தவிக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. கால்வாய்க் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழியில் எங்கள் ஆட்கள் எலும்புகள் எடுத்தார்கள். கூடவே ஒரு சட்டை, நிறம் போய்விட்டது. காலரின் ஒரு பக்கம் இல்லை. மண் தின்றதா அவன் தின்றதா, எனக்குத் தெரியவில்லை யெசேனியா, பெற்றவளுக்குத் தெரியாதா என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அரசாங்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருக்கும் பெண் என் ரத்தத்தை எடுத்துக்கொண்டாள், எலும்பு ரொம்பக் கெட்டுப்போயிருப்பதால் அது மட்டும் போதாது, "அப்பாவோட ரத்தமும் வேணும்மா, அப்பத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றாள். வந்து சொன்னேன், காலரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. "நான் ரத்தம் குடுத்தா என் பிள்ளை செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. மைதானத்துல நின்னு மேட்ச் பாக்கிறவனுக்கு எதுக்குடி குழி தோண்டுறீங்க?" என்று கையைக் கட்டிக்கொண்டார். பாதிரியார் வந்து சொன்னார், கேட்கவில்லை. உன் ஞானத்தாய் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள், கேட்கவில்லை. அந்த எலும்பு யாருடைய பிள்ளையோ, நம் பிள்ளை இல்லை என்றாவது தெரிய வேண்டாமா, தெரியாமல் நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படிக் கண்ணை மூடுவேன். ஒருநாள் டிவியை உடைத்துவிடலாம் என்று கம்பியை எடுத்துக்கொண்டே போய்விட்டேன். ஓரத்தில் அவன் படம் இருக்கிறதே, கை எழவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கடையில் பார்த்த அந்த மேட்சை மறு ஒளிபரப்புச் செய்தபோது பெர்லா பென்டிரைவில் பிடித்து வைத்திருக்கிறாள். "எனக்குக் கண்ணு மங்குது, நீ நம்ப மாட்டேங்குறே. அவனை வளத்தது அவன் அக்கா. யெசேனியா பாத்துட்டு அது அவன் இல்லன்னு சொல்லட்டும், மறுநாளே கையை நீட்டுறேன்" என்றார். ஆகவே எல்லாம் உன் தலையில் வந்து விழுந்திருக்கிறது மகளே, என்னை மன்னித்துக்கொள். இங்கே வந்து பார் என்று உன்னைக் கூப்பிட முடியாது, வந்தால் அந்த நாட்டுக்குள் திரும்பிப் போக உன்னிடம் காகிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பாதியில் வெளியூர்க்காரர்கள் கோல் போடுவார்கள், கூட்டத்தைக் காட்டும்போது மேளக்காரனுக்கு இடது பக்கம் பார். கண் இமைத்தால் போய்விடும். நாங்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தள்ளி நின்றால் நம் பிள்ளை, கிட்டப் போனால் வெறும் புள்ளி.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது வேறு. நீ என்ன பார்த்தாலும் சரி, இல்லை என்று சொல்லிவிடு என்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டால் விஷயம் ஒரு முடிவுக்கு வந்துவிடும் அல்லவா. ஆனால் போன ஞாயிறு பூசை முடிந்து வந்து அவருக்குச் சோள ரொட்டியும் பயறும் தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் போனவள் நின்றேன். கோல் விழுந்தது, கூட்டம் எழுந்தது, என் வாய் என்னைக் கேட்காமல் "அந்த ஓரத்துல பாருங்க, சிவப்புத் தொப்பிக்குப் பின்னால" என்றது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்துவிட்டேன் மகளே. மேட்ச் முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். ரொட்டி ஆறிப்போனது. அதனால் உன்னிடம் பொய் கேட்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது. எனக்காகவும் பொய் சொல்லாதே, அவருக்காகவும் சொல்லாதே. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கூப்பிடுவார், ஸ்பீக்கரில் போடுவார், நான் பக்கத்தில் இருப்பேன். அது அவன் இல்லை என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடு, இழுக்காதே. அவன் மாதிரி இருந்தால் அதையும் சொல்லிவிடு.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், நான் பின்னி அனுப்பியதைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. வேலை முடிந்து பஸ்ஸுக்குத் தனியாக நிற்காதே, யார் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டாலும் விசாரிக்காமல் வண்டியில் ஏறாதே. வேளைக்குச் சாப்பிடு. பெர்லா கையில் காய்ந்த மிளகாயும் கொய்யா மிட்டாயும் கொடுத்திருக்கிறேன், அவளுக்கும் கொஞ்சம் கொடு. மாதாவின் முந்தானை உன்னை மூடிக் காக்கட்டும், நீ இருக்கும் இடத்தில் எப்போதும் வெளிச்சம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனைச் சார்ஜில் போட்டு வை. நீ இல்லை என்று சொன்னால் அவர் கையை நான் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஆமாம் என்று சொன்னால், கம்பியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, சோபாவில் அவர் விட்ட இடத்தில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கும் ஃபெர்மீனுக்கும் அம்மா,
எர்லிந்தா